காசிராஜனின் கிளை

ஆகஸ்ட் 3, 2021. மதுரை

நான் வந்ததும் வராததுமாக ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேசையை இழுத்துப்போட்டு, கீழே நீல வாளி ஒன்றை வைத்தோம். பெனடிக்ட் சார் வாளியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் அறைக்குப் போனார். எங்கள் வைரஸ் ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர். பேசாமல் போனால் கோபம் என்று பொருள்.

மதியம் சிறுநீரக மருத்துவர் மீனலோசனி இரண்டு குழாய்களை அனுப்பியிருந்தார். கூடவே போனிலும் பேசினார். இரண்டு மாதிரிகளும் ஒரே ஆளுடையவை. விருதுநகர், ஐம்பத்திரண்டு வயது, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர். மே மாதம் கொரோனா வந்து, தேறி, வீட்டுக்குப் போயிருக்கிறார். ஜூலைக் கடைசியில் மறுபடி காய்ச்சல், மறுபடி பாசிட்டிவ்.

"புதுசா யார்கிட்டயாவது வாங்கினாரா, இல்ல பழசேதானான்னு பாத்துச் சொல்லு ஜுலைஹா. அவங்க வீட்ல இதை வச்சுப் பெரிய சண்டை நடக்குது."

என்ன சண்டை என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். எனக்கு வருவது குழாயும் அதன் மேல் ஒட்டிய எண்ணும்தான். சண்டை வருவது இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 6

பழசுதான்.

மே மாத வைரஸின் மரபணுவில் வேறு எங்கும் அதிகம் காணாத இரண்டு எழுத்து மாற்றங்கள் இருந்தன. ஜூலை மாத வைரஸிலும் அதே இரண்டு. மேற்கொண்டு நான்கு புதியவை. இப்போது விருதுநகரில் பரவிக்கொண்டிருப்பதோ வைரஸின் வேறொரு கிளை. புதிதாகத் தொற்றியிருந்தால் அதுதான் வந்திருக்க வேண்டும். இவர் உடம்பைவிட்டு வைரஸ் போகவே இல்லை. மூக்கில் இல்லாதபோது நுரையீரலில் எங்கோ ஒளிந்திருந்திருக்கிறது.

ஒரே மனிதருக்குள் இரண்டரை மாதம். உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. தொடர்ந்து மாதிரி எடுக்க அவருடைய சம்மதம் வேண்டும். பெனடிக்ட் சார், "நீயே போய்க் கேளு" என்றார்.

ஆகஸ்ட் 9

கொரோனா வார்டில் கவச உடைக்குள் வெந்துபோனேன். கண்ணாடியில் ஆவி படிந்து, பாதி நேரம் அவர் முகமே தெரியவில்லை.

பெயர் காசிராஜன். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் பந்தல் சாமானும் வாடகைக்கு விடுகிறார். "ரெண்டு வருசமா அண்டா எல்லாம் கவுந்து கெடக்கு மேடம். எலி குட்டி போட்டிருக்கும்" என்றார். மூச்சு வாங்கினாலும் பேச்சு நிற்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"அப்ப ரெண்டாவது தடவ எனக்கு யாரும் குடுக்கல?"

"யாரும் குடுக்கல. மே மாசம் வந்ததே உள்ள இருந்திருக்கு."

"என் வீட்டம்மா?"

"யாருமே இல்லைங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே வீட்டுக் கதையைச் சொன்னார். மனைவி தங்கபுஷ்பம் அங்கன்வாடிப் பணியாளர். ஊரடங்கிலும் வீடு வீடாகப் போய்ச் சத்துமாவு கொடுத்திருக்கிறார். காய்ச்சல் கணக்கெடுக்கவும் போயிருக்கிறார். இரண்டாவது தடவை பாசிட்டிவ் என்றதும் காசிராஜனின் அக்கா ராஜகனி, "நீ ஊரெல்லாம் சுத்தி வாங்கிட்டு வந்து தம்பிக்குக் குடுக்க" என்று சொல்லி, தங்கபுஷ்பத்தின் அண்ணனை வரவழைத்துக் கோவில்பட்டிக்கு அனுப்பிவிட்டாராம். அக்கா கணவரை இழந்து இவர்களோடு இருப்பவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். காசிராஜன் அப்போது ஆக்சிஜனில் இருந்தார்.

அடிவயிற்றின் வலப்பக்கம் கையை வைத்தார். "இதுக்குள்ள இருக்கறது அவ கிட்னி மேடம். அன்னைக்குக் கிட்னி குடுத்தா. இன்னைக்குக் கொரோனா குடுத்தான்னு அனுப்பிட்டாக."

சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலை எட்டும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "நம்ம ஆளு உள்ள என்ன பண்றான்னு அப்பப்ப எனக்கும் சொல்லுங்க. கூடவே இருக்கான், ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

ஆகஸ்ட் 11

டாக்டர் மீனலோசனி என் அறிக்கையை ராஜகனிக்கு விளக்கியிருக்கிறார். "கம்ப்யூட்டருக்கு எங்க வீட்ட பத்தி என்ன தெரியும்" என்று பதில் வந்ததாம்.

ஆகஸ்ட் 30

மூன்றாவது மாதிரி. திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். புதிதாக ஐந்து மாற்றங்கள். அதில் மூன்று, வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ள வைத்திருக்கும் முள்ளில். ஊருக்குள் பரவும் வைரஸுக்கு இவ்வளவு மாற இதைவிட நெடுங்காலம் ஆகும். சாதாரண உடம்பு இரண்டொரு வாரத்தில் அதை விரட்டிவிடும். இவர் உடம்பு, மாற்றிவைத்த சிறுநீரகத்தைத் தாக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறது. பாதி கட்டிப்போட்ட காவலாளியோடு வைரஸ் தினமும் மல்லுக்கட்டிப் பழகிக்கொள்கிறது. எந்தப் பிடியிலிருந்து எப்படி நழுவுவது என்று எழுத்து எழுத்தாகக் கற்கிறது. அதை நான் நேரில் பார்க்கிறேன்.

பெனடிக்ட் சாரிடம் ஓடினேன். நெடுநேரம் பார்த்தார். "அற்புதமா இருக்கு" என்றார். பிறகு, "அந்த மனுஷன் எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

அதை நான் விசாரித்திருக்கவில்லை.

போன் செய்தேன். மூச்சு பரவாயில்லை, ருசி இன்னும் வரவில்லை என்றார். முள்ளைப் பற்றிச் சொன்னதும், "எங்கிட்டயே தின்னுட்டு எங்கிட்டயே வித்த காட்டுறானா" என்று சிரித்து, இருமி, திரும்பவும் சிரித்தார். வாப்பா இருந்தபோது அவரும் இப்படித்தான், இருமலையும் சிரிப்பையும் பிரிக்க முடியாது.

செப்டம்பர் 5

மேலப்பாளையத்திலிருந்து உம்மா பேசினாள். ஊருக்கு எப்போது வருகிறாய் என்பதில் ஆரம்பித்து, தேங்காய் விலைக்குப் போய், கடைசியில் கேட்டாள்:

"ஏம் பிள்ள, வாப்பாவுக்குக் கொரோனா எங்கேருந்து வந்திச்சின்னு உன் மிஷின் சொல்லுமா?"

ஏசி மெக்கானிக் வந்துவிட்டார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மெக்கானிக் மறுநாள்தான் வருவார்.

செப்டம்பர் 18

காசிராஜனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் இல்லை; ஆனால் வைரஸ் இருக்கிறது. மாடி அறையில் தனியாக இருக்க வேண்டும், யாரும் அருகில் போகக் கூடாது. அக்கா படிக்கட்டில் சாப்பாடு வைத்துவிட்டுக் கீழே இறங்கியதும் இவர் எடுத்துக்கொள்கிறார்.

டாக்டர் மீனலோசனி அவரிடம் ஒரு வழி சொல்லியிருக்கிறார். மாத்திரையைக் குறைத்தால் உடம்பு விழித்துக்கொண்டு வைரஸை விரட்டும். ஆனால் அதே வேகத்தில் சிறுநீரகத்தையும் தாக்கலாம். காசிராஜன் முடியாது என்றுவிட்டார்.

காரணத்தை என்னிடம் சொன்னார். குழாயின் லேபிள் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.

"அது என் பொருள் இல்ல மேடம். அவ குடுத்தது. நான் எப்படித் தொலைக்க?"

செப்டம்பர் 27

நான்காவது மாதிரி. மேலும் மூன்று மாற்றங்கள். வலது கை மணிக்கட்டு வலிக்கிறது. துளி துளியாக உறிஞ்சும் பிப்பெட்டைப் பிடித்துப் பிடித்து. உம்மா அனுப்பிய வட்டிலப்பம் வழியிலேயே கெட்டுப்போயிருந்தது. அவளிடம் நன்றாக இருந்தது என்றேன்.

அக்டோபர் 13

கை ஓடவில்லை.

இந்த வாரம் தென்மாவட்ட மாதிரிகள் குறைவு. எந்த வைரஸ் எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் மரத்தைக் கம்ப்யூட்டரில் வரைய விட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், காசிராஜனின் கிளையில் புதிதாக ஒரு இலை, அதாவது இன்னொருவரின் மாதிரி. இதுவரை அந்தக் கிளையில் அவர் ஒருவர்தான். நீளமான தனிக் குச்சி. இப்போது அதன் நுனிக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் ஒரு சின்னக் கிளை.

என் தவறாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அவருடைய மாதிரி ஒரு துளி வேறு குழாயில் தெறித்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே நாளில் மிஷினில் ஓடவில்லை, ஒரே தட்டிலும் இல்லை. பெனடிக்ட் சார், "மூல மாதிரியிலிருந்து மறுபடி ஆரம்பி. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாதே" என்றார்.

குழாயின் விவரம்: பெண், நாற்பத்தாறு வயது, கோவில்பட்டி.

எனக்கு வரும் விவரம் அவ்வளவுதான். அவ்வளவே போதுமாக இருந்தது.

அக்டோபர் 15

உறுதி. கோவில்பட்டி மாதிரியில் செப்டம்பர் வரை காசிராஜனுக்குள் சேர்ந்த எல்லா மாற்றங்களும் இருக்கின்றன. சென்ற வாரம் அவரிடம் எடுத்ததில் உள்ள கடைசி இரண்டு மட்டும் இல்லை. அப்படியென்றால் செப்டம்பர் கடைசிக்கும் சென்ற வாரத்துக்கும் நடுவில் அவரிடமிருந்து அந்தப் பெண்ணுக்குப் போயிருக்கிறது. திசை தெளிவாக இருக்கிறது.

பயம் இதுதான்: ஐந்து மாதம் பயிற்சி எடுத்த வைரஸ் வெளியே வந்துவிட்டது. அது அந்தப் பெண்ணோடு நிற்குமா, ஊருக்குள் போகுமா, தடுப்பூசி போட்டவர்களை என்ன செய்யும், எதுவும் தெரியாது. சார் சுகாதாரத் துறைக்கு எழுதிவிட்டார். காசிராஜனோடு டாக்டர் மீனலோசனி பேசுவதாகத்தான் ஏற்பாடு. அவர் பேசி முடித்ததும் காசிராஜனே என்னைக் கூப்பிட்டார்.

"தெரிஞ்சிருச்சாம்ல மேடம்."

"வீட்டைவிட்டு எங்கயாவது போனீங்களா?"

"கடை டெம்போவ நானே ஓட்டிட்டுப் போனேன். வழியில எங்கயும் நிக்கல, டீ கூடக் குடிக்கல. மாஸ்க் ரெண்டு போட்டிருந்தேன். தெருவுல நின்னு அவளப் பாத்துட்டு வந்துரலாம்னுதான் போனேன். சத்தியமா அவ்வளவுதான் நெனப்பு." நிறுத்தினார். "மழ வந்திருச்சு. நனையாதீக, உள்ள வாங்கன்னா. அண்ணன் வீட்ல எல்லாரும் விசேசத்துக்குப் போயிருந்தாக. காப்பி போட்டுக் குடுத்தா. குடிக்கணும்னா மாஸ்க்க எறக்கணும்ல."

எந்த நாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

"அவளுக்குக் காய்ச்சலா?"

"மாதிரி பாசிட்டிவ். அதுதான் எனக்குத் தெரியும்."

"அவளுக்கு ஒரு கிட்னிதான இருக்கு" என்றார். நானும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.

அக்டோபர் 16

சுகாதார அலுவலர் தொடர்புகளைத் திரட்டும்போது என்னையும் இணைப்பில் சேர்த்துக்கொண்டார். தங்கபுஷ்பத்தின் குரலை முதல் தடவை கேட்டேன். இருபது வருடம் சின்னப்பிள்ளைகளோடு பேசிய நிதானமான குரல். யாரைப் பார்த்தார், எங்கே போனார் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். அண்ணன், அண்ணன் மனைவி, அவர்கள் மகன், பக்கத்து வீட்டு அம்மா. தொண்டை கரகரத்த அன்றே தனி அறைக்குப் போய்விட்டாராம்.

அலுவலர் வைத்த பிறகு தங்கபுஷ்பம் என்னிடம் கேட்டார்: "நீங்கதான் அந்த வைரஸ் படிக்கிற மேடமா? அவுக சொல்லிக்கிட்டே இருப்பாக. இப்ப மூச்சு திணறுதா அவுகளுக்கு?"

"இல்லம்மா, அவர் நல்லா இருக்கார். உங்களுக்கு?"

"காய்ச்சல்தான். சரியாப் போயிரும். ரெண்டு ஊசியும் போட்டிருக்கேன்."

அக்டோபர் 19

அண்ணன் மகன் பாசிட்டிவ். கோவில்பட்டியிலிருந்து மாதிரியைக் குளிர்பெட்டியில் அனுப்பியிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் எடுத்த பாசிட்டிவ் மாதிரிகள் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். ஏசி மறுபடி சொட்டுகிறது.

அக்டோபர் 22

மகனுடையது வேறு கிளை. காலேஜ் விடுதியில் வாங்கியது. அவன் அறைத் தோழர்களிடம் இருப்பதோடு பொருந்துகிறது. வீட்டுக்குள் இருந்தும் அத்தையிடமிருந்து அவனுக்குப் போகவில்லை. இதைக் கேட்டதும் அலுவலரே, "ஒரே வீட்ல ரெண்டு வைரஸா" என்று வியந்தார். நான் இரண்டு சமோசா சாப்பிட்டேன்.

அக்டோபர் 29

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர். வந்த எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அந்தக் கிளையில் வேறு இலை இல்லை. இன்னும் நம்பத் தயங்குகிறேன். சாம்பிள் எடுக்காதவர்கள் எத்தனை பேரோ.

நவம்பர் 3

தங்கபுஷ்பம் நெகட்டிவ். சிறுநீரகம் சேதமில்லை. மறுபடி எடுத்தும் நெகட்டிவ். ஒருவர் உடம்பில் ஐந்து மாதம் அசைக்க முடியாமல் இருந்ததை இன்னொருவர் உடம்பு சில வாரங்களில் துடைத்துவிட்டது. அவ்வளவு பழகிய வைரஸுக்கு அடக்கப்படாத ஓர் உடம்பைக் கடக்கத் தெரியவில்லை. முள்ளில் சேர்த்த மாற்றங்களில் ஏதோ ஒன்று, பரவுவதில் அதைப் பின்னால் இழுத்திருக்க வேண்டும். எது என்று தேட வேண்டும்.

நாளை தீபாவளி. ஆய்வுக்கூடத்தில் அதிரசம் கொடுத்தார்கள்.

நவம்பர் 9

டாக்டர் மீனலோசனியின் அறையில் சந்திப்பு. என்னையும் வரச் சொன்னார். காசிராஜன் தன் வீட்டு மாடியிலிருந்து வீடியோவில். தங்கபுஷ்பம் நேரில் வந்திருந்தார். ஒல்லியான, உயரமான பெண். கைப்பையை மடியில் இறுக்கி வைத்திருந்தார்.

டாக்டர் மாத்திரையைக் குறைப்பது பற்றித் திரும்பவும் சொன்னார். சிறுநீரகம் போகலாம், போனால் டயாலிசிஸ். குறைக்காவிட்டால் வைரஸ் இன்னும் மாறும். இன்னொரு தடவை வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் தலையாட்டினேன்.

காசிராஜன் திரையில் தலையைக் குனிந்திருந்தார். "அது தங்கத்தோடது" என்றார்.

தங்கபுஷ்பம் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க உசுரோட இருக்கத்தான் குடுத்தேன். இப்ப அதுக்குக் காவல் இருக்கேன்னு மாடியிலயே கெடக்கீக. அது இருந்து என்ன, இல்லாட்டி என்ன. மாத்திரையக் குறைக்கச் சொல்லுங்க டாக்டர்."

"தங்கம்..."

"நான் குடுத்துட்டேன். குடுத்ததுக்கு அப்புறம் அது என்னோடது இல்ல. உங்களோடது. உங்களோடதுன்னா தொலைக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு."

அவர் சரி என்றார்.

டிசம்பர் 14

வைரஸ் குறைகிறது. சிறுநீரகத்தின் வேலையும் குறைகிறது. ஒரே வாரத்து இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்று அவருக்குப் போன் செய்யவில்லை.

ஜனவரி 11, 2022

புது அலை. மாதிரிகள் மலைபோல் வந்து குவிகின்றன. உலகம் முழுக்க ஒரே கிளை வெடித்துப் பரவுகிறது. இதுவும் எங்கோ ஒரு மனிதருக்குள் மாதக்கணக்கில் இருந்து பழகியதாக இருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த மனிதர் யார், அவரைப் பார்க்க யார் போனார்கள், மழை பெய்ததா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே பிப்பெட்டைப் பிடித்திருந்தேன்.

இந்தக் குவியலுக்கு நடுவே டாக்டர் மீனலோசனியிடமிருந்து இரண்டு வரி. காசிராஜன் மூன்றாவது முறையாக நெகட்டிவ். டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டோம்.

ஜனவரி 23

இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தேன். வாப்பாவிடம் மாதிரியே எடுக்கவில்லை, அதனால் எந்த மிஷினாலும் சொல்ல முடியாது என்று உம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். பிறகு அவர் சட்டைகளை மடித்து வைக்க என்னைக் கூப்பிட்டாள்.

பிப்ரவரி 15

மருத்துவமனை கேன்டீனில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். காசிராஜனுக்கு டயாலிசிஸ் நாள். தன் ஆளைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டிருந்தார், மடிக்கணினியோடு போனேன். மெலிந்திருந்தார். கழுத்தில் டயாலிசிஸ் குழாயின் கட்டு. இடப்பக்கம் தங்கபுஷ்பம். எதிரே, நான் இதுவரை பார்த்திராத ராஜகனி: கனத்த உடம்பு, நெற்றியில் திருநீறு, மூக்குவரை இறுக்கிய முகக்கவசம்.

தங்கபுஷ்பம் கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தார். "மதினிக்கு மொத விசயத்த மட்டும் சொல்லுங்க மேடம். ரெண்டாவது தடவ யாரும் குடுக்கலங்கறது மட்டும். என் வீட்டுக்காரவுக கோவில்பட்டிக்கு வந்தது எங்க ரெண்டு பேரோட இருக்கட்டும்."

திரையில் மரத்தைக் காட்டினேன். இது மே, இது ஜூலை, இது ஆகஸ்ட். ஒரே குச்சி நீண்டுகொண்டு போகிறது. வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. ராஜகனி முன்னால் சாய்ந்து பார்த்தார். குச்சியின் ஓரத்தில் இருந்த சின்னக் கிளையை விரலால் தொட்டார்.

"இது யாரு?"

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் காசிராஜன் சொன்னார்: "அது தங்கம். நான் கோவில்பட்டிக்குப் போயிக் குடுத்துட்டு வந்தேன்."

"நீ எதுக்குடா போன?"

"நீ அனுப்பிட்ட. அதான் போனேன்."

பக்கத்து மேசையில் யாரோ பில்லுக்குக் கூப்பிட்டார்கள். ராஜகனி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரலைக் குச்சியின் அடிக்கு நகர்த்தினார். மே மாதத்துக்கு.

"இங்க? இவனுக்கு மொதல்ல குடுத்தது?"

"அது தெரியாதும்மா. அப்ப ஊர்ல பல பேர்கிட்ட இதே வைரஸ் இருந்துச்சு. மாதிரி எடுக்காதவங்களைப் பத்தி இதுல ஒண்ணும் தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

ராஜகனி முகக்கவசத்தை இறக்கித் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இவனுக்கு வாரதுக்கு முந்தின வாரம் எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல் கெடந்துச்சு. மாத்திரையப் போட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன். டெஸ்டு எடுக்கல. யார்கிட்டயும் சொல்லல."

தங்கபுஷ்பம் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப எல்லாருக்குந்தான் காய்ச்சல் மதினி. குடிங்க."

உள்ளேயிருந்து நர்ஸ் காசிராஜன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தங்கபுஷ்பம் எழுந்து போர்வையும் சாப்பாட்டுக் கூடையும் எடுக்கப் போனார். ராஜகனி முந்திக்கொண்டு கூடையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். தம்பியைத் தங்கபுஷ்பம் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் நடைபாதையில் மெதுவாக நடந்து போனார்கள்.